பழைய பதிப்பில் மட்டும் இருந்த பாதை

1

பொய்ச் சத்தியம் செய்வதற்கு மெல்பேர்னில் காசு வாங்குவதில்லை. எங்கள் பகுதி நூலகத்தில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை மாலையும் ஒரு சமாதான நீதவான் வந்து உட்காருவார். இலங்கையில் எங்கள் மாத்தளைப் பக்கம் இவரை ஜே.பி. என்போம்; அவர் வீட்டுக் கேற்றில் பித்தளைப் பலகை தொங்கும், வெள்ளைச் சாரத்தோடு ஒரு பெரிய மனிதர் சாய்வு நாற்காலியில் இருப்பார், நாம் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போம். இங்கே கம்பளிச் சட்டை போட்ட ஓய்வுபெற்ற ஓர் அம்மா, போட்டோக்கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, ஒரு முத்திரை, ஒரு மைப்பெட்டி. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு மாணவன் சான்றிதழ்ப் பிரதிகளோடு நின்றான். பின்னால் ஒரு பெண் கடவுச்சீட்டுப் படிவத்தோடு நின்றாள். நான் பொய்யோடு நின்றேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் போய்விட்டது. இந்தப் பத்திரிகைக் குறிப்புகளில் இதுவரை ட்ராம், குளிர், பக்கத்து வீட்டு நாய், சம்பல் இடித்ததற்குப் புகை அலாரம் அடித்தது என்றெல்லாம் உங்களைச் சிரிக்க வைக்கத்தான் எழுதிவந்தேன். "நானா, நல்லாத்தான் எழுதுறீங்க" என்று உக்குவளையிலிருந்து ஒருவர் அண்ணன் முறை சொல்லிச் செய்திகூட அனுப்பியிருந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்த முறை சிரிப்பு இல்லை. இதைச் சொல்லாமல் வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் கை கூசுகிறது.

2

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவைத்து, இருக்கும் இடத்துக்கான குறிப்பை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கையில் போனோடு போய்த் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான். என் அக்கா பரீதா ராத்தாவுக்கு இதை விளக்கியபோது, "எடுத்தத்த திரும்ப வெக்கிறதுக்கா இவ்வளவு தூரம் போறீங்க?" என்று கேட்டாள்.

இதில் சவால் டப்பா என்று ஒரு வகை உண்டு. அதில் பெயர் எழுத வேண்டுமென்றால் முதலில் ஒரு நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும். எங்கள் நகரத்தில் பேர்போன சவால் ஒன்று இருந்தது. வீதி வழிகாட்டிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது ஒரு டப்பாவைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு புத்தகம் போதாது, அவர்கள் சொல்லும் பழைய பதிப்பேதான் வேண்டும். பிந்திய பதிப்புகளில் புதிய குடியிருப்புகள் நுழைந்து பக்கங்கள் இடம் மாறிவிட்டன. பழைய பதிப்பு எந்தக் கடையிலும் இல்லை. என் மகள் ஸஹ்லாவுக்கு அப்போது பதினொரு வயது. டண்டினோங்கில் பழைய சாமான் விற்கும் தருமக் கடையொன்றில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே அதைக் கண்டெடுத்தவள் அவள்தான். சந்தோஷத்தில் கடைக்குள்ளேயே குதித்தாள்.

மூன்று வருடம் சனிக்கிழமைகள் அதிலேயே போயின. வீட்டில் அவளுக்கும் எனக்கும் பேச்சு குறைந்துகொண்டே வந்த காலம் அது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பாதி சொல்லிவிட்டு அறைக்குப் போய்விடுவாள். காரில் அந்தப் புத்தகம் மடியில் இருந்தால் மட்டும் வாய் திறப்பாள். ஒரு பக்கம் முழுக்கக் கடல். ஓரத்தில் நகத்தளவு நிலம், ஒரு படகுத்துறை. அந்தப் பக்கத்துக்காகப் போக வர நான்கு மணித்தியாலம் ஓட்டினோம். புதிய வரைபடங்களில் இல்லாத பண்ணைகள், கிணறுகள், ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் பழைய பதிப்பில் இருந்தன. அவற்றை அவளுக்குக் காட்டிக் காட்டி எனக்கே பெருமை பிடித்துவிட்டது. எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒருநாள் வாய்விட்டேன்.

3

பலாபத்வலையில் எங்கள் வீடு ஏ9 வீதியிலிருந்து சற்று ஏறி உள்ளே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மிளகு, கராம்பு, கொஞ்சம் பாக்கு. அதற்கு மேலே ஒரு காலத்தில் கொக்கோவும் ரப்பரும் இருந்த தோட்டம். அதன் லயங்களில், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், இன்னும் முப்பது குடும்பம்போல இருக்கின்றன. எங்கள் குசினி யன்னலில் நின்று பார்த்தால் லயத்துக் கொடியில் காயும் உடுப்பின் நிறம் தெரியும்.

ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி வரைந்த பழைய மாத்தளைத் தாளின் பிரதி ஒன்று வெளிநாட்டு நூலகமொன்றின் இணையத்தளத்தில் எனக்குக் கிடைத்தது. அதில் வீதியிலிருந்து புறப்பட்டு, எங்கள் காணிக்கு ஊடாக, லயத்துக்கு ஒரு புள்ளிக்கோடு ஏறுகிறது. பிந்திய பதிப்பில் அந்தக் கோடு கிடையாது. இடையில் வாப்பா முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். வாப்பாவின் கம்பியைக் கொழும்பில் வரைபடம் கீறியவர்களும் மதித்துவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் விடுமுறைக்குப் போனபோது, ஸஹ்லாவைச் சந்தோஷப்படுத்த ஒரு சவால் டப்பா வைத்தேன். பழைய பதிப்பைத் தேடிப் பிடித்து அந்தக் கோட்டைக் கண்டுகொண்டால்தான் இடம் தெரியும். மிளகுக்கு நடுவே அந்தப் பாதையின் கல்படிகள் இன்னும் கிடக்கின்றன. மேல்படிக் கல்லுக்கு அடியில் ஸஹ்லாவே டப்பாவை வைத்தாள். வெளிநாட்டில் இருப்பவர் டப்பா வைப்பதென்றால் அதைப் பராமரிக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும் என்பது விளையாட்டின் விதி. "காணி எனக்கும் என் சகோதரிக்கும் சொந்தம், அவர் பார்த்துக்கொள்வார், வீட்டில் கேட்டால் வேலியைத் திறந்துவிடுவார்" என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? பக்கத்துக்கு அழகு சேர்க்க ஆங்கிலத்தில் இப்படியும் எழுதினேன்: "இந்தப் பாதை புதிய பதிப்பில் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்தின் ஓரமாக லயத்துக்குப் போகும் பொதுப் பாதை இது. சிறுவயதில் நூறு தடவை நடந்திருக்கிறேன். வரைபடங்கள் மறக்கும், கால்கள் மறப்பதில்லை."

கடைசி வரியை இப்போது வாசித்தால் உடம்பெல்லாம் குறுகுகிறது. அன்றைக்கு அதை ஸஹ்லாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

நாங்கள் அந்த அமர்க்களம் செய்துகொண்டிருந்தபோது எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தவள் மாரியாயி. லயத்தில் இருப்பவள். மிளகு ஆய, காயவைக்க, கராம்பு பொறுக்க என்று ராத்தா வீட்டுக்குத் தினமும் வேலைக்கு வருகிறாள். லயத்தில் அவள் குடியிருக்கும் காம்பராவின் வாசலிலிருந்து எங்கள் குசினிக்கு ஐந்து நிமிட நடை, கம்பி இல்லாவிட்டால். கம்பி இருப்பதால் தோட்ட ரோட்டால் பல்லேபொலப் பக்கம் இறங்கி, வளைந்து ஏ9க்கு வந்து, திரும்ப எங்கள் ஏற்றத்தில் ஏறுகிறாள். நல்ல வெயிலில் முக்கால் மணித்தியாலம். மழை என்றால் இன்னும் கூட. அன்றைக்கு அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே ஸஹ்லாவிடம் பாதைகளின் வரலாறு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

4

டப்பாவைத் தேடி அதிகம் பேர் வரவில்லை. முதலில் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். ராத்தா அவர்களுக்குத் தொதல் இனிப்புக் கொடுத்து, கம்பியை ஓரிடத்தில் அவிழ்த்து மேலே விட்டாள். பிறகு கண்டியிலிருந்து இரண்டு இளைஞர்கள். அடுத்து ஒரு பிரெஞ்சுக்காரர். அவர்களுக்கெல்லாம் கம்பி அவிழ்ந்ததை மாரியாயி மிளகுப் பாயில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். வீட்டுக்குப் போய் மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

மகள் கலைச்செல்வி. தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு முன்பள்ளியில் படிப்பிக்கிறவள். அந்தப் பிரெஞ்சுக்காரர் மேலே லயத்தடிக்கு வந்தபோது அவரிடமே விசாரித்து, போனில் என் பக்கத்தைப் பார்த்திருக்கிறாள். அதே வாரம் அந்தத் தளத்தின் வழியாக எனக்கு எழுதினாள். தமிழில்தான் எழுதியிருந்தாள், பேசுகிற மாதிரியே.

"நானா, நீங்க பொதுப் பாதைன்னு எழுதியிருக்கீங்க. நாங்க கேக்கும்போதெல்லாம் இங்க பாதையே இருந்ததில்லன்னு சொல்லுறாங்க. டப்பா தேடி வர்றவங்களுக்கு கம்பியத் தொறக்குறாங்க. ஒங்க வீட்டுக்கு வேலைக்கி வர்ற எங்கம்மாவுக்கு ஏங்க தொறக்க மாட்டேங்குறாங்க? மழை பெஞ்சா புள்ளைங்க இஸ்கூலுக்கே போறதில்ல. ஒரு ஆள் நடக்குற அகலம் குடுத்தா போதுங்க."

இதற்கு நான் பதில் எழுதவில்லை. எழுதத்தான் நினைத்தேன். மூன்று நாள் வரைவு செய்து, 'அன்புள்ள தங்கைக்கு' என்பதா 'வணக்கம்' என்பதா என்று யோசித்தே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அதைச் சொல்லத்தான் துணிவில்லை.

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு என் பக்கத்தை அச்சிட்டு, மனுவோடு சேர்த்து வழக்குக்கு முன் சமரசம் பேசும் இணக்க சபைக்குக் கொடுத்துவிட்டாள். காணியில் பாதி என் பெயரில் இருக்கிறது. அந்தப் பாதிக்குச் சொந்தக்காரனே பொதுப் பாதை என்று எழுதி உலகத்துக்குப் போட்டிருக்கிறான். இதைவிட என்ன வேண்டும்?

ராத்தா எனக்குப் போன் எடுத்தபோது நான் ரயிலில் இருந்தேன்.

"நீ என்னத்தடா எழுதி வெச்சீக்கிற? வெளயாட்டுன்டு தானே செல்லின?"

"வெளயாட்டுத்தான் ராத்தா."

"அந்தக் கோட்டுலதான் என்ட நல்ல மிளகு மரமெல்லாம் ஈக்கி. குசினி யன்னலுக்குப் பக்கத்தால ஊரே போகும். மச்சானும் மௌத்தாகிட்டாரு, மகனும் கட்டார்ல. நான் தனியா ஈக்கிற வீடு. நீ அங்க ஈந்துக்கிட்டு பாதை தொறக்கிறியா?"

பேசிக்கொண்டே அழுதாள். என் ராத்தா கெட்டவள் அல்ல. உம்மா படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் ஒருத்தியாக நின்று பார்த்தவள். நான் உம்மாவின் கபுறுக்கு மண் போடக்கூட வந்து சேரவில்லை. அவள் எதைக் கேட்டாலும் மறுக்க எனக்கு வாய் கிடையாது. அவள் கேட்டது ஒரு சத்தியக் கடதாசி. அந்தப் பக்கத்தில் எழுதியதெல்லாம் விளையாட்டுக்காகக் கற்பனையாக எழுதியது, அப்படி ஒரு பாதை எனக்குத் தெரிய இருந்ததில்லை என்று நான் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

அன்று மாலையே பக்கத்தை மூடினேன்.

5

நூலகத்துக்குக் காரை ஓட்டியது ஸஹ்லா. இப்போது அவளுக்குப் பதினேழு வயது. இங்கே பழகுநர் அனுமதி எடுத்தவர்கள் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நூற்றுக்கு மேற்பட்ட மணித்தியாலம் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு கொப்பியில் பதிய வேண்டும். அதனால் மட்டும்தான் அவள் என்னோடு எங்கேயும் வருகிறாள். நான் வரிசையில் நின்றபோது கையிலிருந்த தாளை வாங்கி வாசித்தாள். வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

நீதவான் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டார். இதில் இருப்பதெல்லாம் உண்மைதானா? பொய் என்று தெரிந்தே சத்தியம் செய்தால் தண்டனை உண்டு என்பது தெரியுமா? எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எனக்கு மட்டும் கேட்பது மாதிரி இருந்தது. ஆம் என்றேன், இரண்டுக்கும். மூன்று இடத்தில் முத்திரை குத்தினார். மாத்தளை என்பதைப் பார்த்துவிட்டு, அவருடைய உறவுக்காரர் ஒருவர் அங்கே ஒரு வாசனைத் திரவியத் தோட்டம் பார்க்கப் போனதாகவும், மிக அருமையான மனிதர்கள் என்று சொன்னதாகவும் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

காரில் ஏறியதும் ஸஹ்லா ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நூறு தடவை நடந்ததாகத்தானே எனக்குச் சொன்னீர்கள்? படிக்கல்லில் எந்த இடத்தில் சறுக்கி விழுந்தீர்கள் என்றுகூடக் காட்டினீர்களே?

மாமிக்காகத்தான் என்றேன். குடும்பம் என்றால் சில விஷயங்கள் இப்படித்தான் என்றேன். தமிழில் தொடங்கி, இடையில் ஆங்கிலத்துக்கு மாறி, இரண்டிலும் தடுமாறினேன். அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, தூரம், நேரம், வானிலை, வீதி நிலை எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி என் மடியில் வைத்தாள். இதையாவது உண்மையாக எழுதியிருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்றாள். போட்டேன். அதற்குப் பிறகு மிச்ச மணித்தியாலங்களை அவள் தன் உம்மாவோடு ஓட்டி முடித்தாள்.

ஸஹ்லாவுக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. வாப்பா ஏன் கம்பி அடித்தார் என்பது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பாயில் காய்ந்த மிளகு குறைந்துகொண்டே வந்தது. லயத்து ஆட்கள் பாதையால் போகும்போது அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று வாப்பா முடிவுகட்டினார். லயத்தில் போய்ச் சத்தம் போட்டார். யாருடைய காம்பராவிலோ ஏறிச் சட்டி பானையைக்கூடத் திறந்து பார்த்தார். பிறகு கம்பி வாங்கிவந்து இரண்டு நாளில் வேலி அடித்தார். அந்த மிளகை எடுத்தவன் நான். சட்டைப்பைகளிலும் புத்தகப் பையிலும் போட்டுக்கொண்டு போய் டவுனில் ஒரு கடையில் கொடுத்து, கிரிக்கெட் மட்டை வாங்கினேன். வாப்பாவிடம் மட்டையை ஒரு கூட்டாளியுடையது என்று சொன்னேன். கம்பி அடிக்கும்போது ஒரு நுனியை அவர் பிடித்தார், மறு நுனியை நான் பிடித்தேன்.

6

இணக்க சபையில் நடந்ததை ராத்தா எனக்குச் சந்தோஷமாகச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரித்திருக்கிறார்கள். மேசையில் விரித்திருந்தது புதிய பதிப்பு. அதில் கோடு இல்லை. என் சத்தியக் கடதாசியைச் சிங்களத்திலும் தமிழிலும் வாசித்தார்களாம். வேறு அத்தாட்சி ஏதும் உண்டா என்று கலைச்செல்வியிடம் கேட்டார்களாம். பழைய வரைபடத்தில் இருக்கிறது என்று அந்த நானாவே எழுதியிருந்தாரே என்றாளாம். அந்த வரைபடம் எங்கே என்று கேட்டார்களாம்.

அது என் கணினியில் இருந்தது. 'மாத்தளை பழையது' என்று நானே பெயரிட்டு வைத்திருந்தேன்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே செல்ல ஏலாமப் போச்சி," என்றாள் ராத்தா.

"மாரியாயி?" என்று கேட்டேன். கேட்கும்போதே, வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லமாட்டாளா, சண்டை பிடித்தாள் என்று சொல்லமாட்டாளா என்று மனம் ஏங்கியது.

"அவ என்ன, மத்த நாள் வழமை போல வந்தா. மழையில நனஞ்சி வந்தா. துவாய் குடுத்தன், தொடச்சிட்டு மிளகப் பொரட்டப் போய்ட்டா. ஒண்ணுமே கதைக்கல்ல."

7

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்குப் பின்னேரம், ராத்தாவுக்குக் காலை. நானாகவே போன் எடுத்தேன். வாய்க்குள் நாற்பது வருடம் கிடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அதைச் சொன்னால் அவள் மனம் மாறும் என்று ஒரு நம்பிக்கை. லயத்து ஆட்கள் எடுக்கவில்லை என்று தெரிந்தால் கம்பிக்குக் காரணமே இல்லாமல் போகும் அல்லவா?

"ராத்தா, வாப்பா கம்பி அடிச்ச வருஷம் மிளகு களவு போச்சே."

"ஓ."

"அத எடுத்தது நான்."

அவள் சிரித்தாள்.

"அது எங்களுக்குத் தெரியுமேடா. நீ வித்த கடக்காரரே ஜும்ஆக்குப் போன எடத்துல வாப்பாட்ட செல்லிட்டாரே."

"எப்ப?"

"கம்பி அடிக்க முந்தி."

"அப்ப ஏன் அடிச்சாரு?"

"அவருக்கு அந்தப் பாதைய மூடணும்டு மிச்ச காலமா நெனப்பு. காரணமொண்ணு கெடச்சிச்சி. ஒன்னயும் ஒண்ணும் கேக்க வாணாம்ன்டு உம்மாட்ட செல்லிட்டாரு. ஆம்புளப் புள்ள, வெக்கப்பட்டுருவான்டு."

இத்தனை வருடமும் அந்தப் பாவத்தை நான் ஒருவனாகச் சுமப்பதாக நினைத்திருந்தேன். அதில் ஒரு ரகசியப் பெருமைகூட இருந்திருக்க வேண்டும். பிள்ளை வெட்கப்படக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசி, அதற்குப் பதிலாக முப்பது குடும்பத்தைக் கள்ளராக்கியிருக்கிறார்கள். அப்படிப் பாதுகாத்து வளர்த்த பிள்ளை வெளிநாட்டில் உட்கார்ந்து பாதைகளைப் பற்றிக் கவிதை எழுதியிருக்கிறான். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

பழைய தாளைக் கலைச்செல்விக்கு அனுப்பப்போகிறேன் என்றேன். முதல் சத்தியக் கடதாசி பொய் என்று இன்னொன்று எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்றேன்.

"நீ அங்க ஈந்துக்கிட்டு நல்லவனாகு," என்றாள் ராத்தா. "கம்பிய அவுக்கிறது என்ட வாசல்ல."

"ராத்தா..."

"அனுப்பு. நான் தடுக்கல்ல. ஆனா பெருநாளைக்கி எனக்குக் கோல் எடுக்காத."

போனை வைத்துவிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் நூலகத்துக்குப் போனேன். அதே அம்மா. முதல் கூற்று பொய் என்று இரண்டாவது கூற்றில் சொல்கிறீர்களா என்று கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இது வில்லங்கமான விஷயம், முதலில் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள் என்றார். கேட்டேன். எழுதாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது என்றார் அவர். அந்த நல்லதை நம்பி மூன்று வாரம் இருந்தேன். வெட்கங்கெட்ட மூன்று வாரம். நான்காவது செவ்வாய் போய்க் கையெழுத்திட்டேன். அம்மா இந்த முறை உறவுக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பழைய தாளின் அச்சுப் பிரதியையும் வைத்து, பதிவுத் தபாலில் கலைச்செல்விக்கு அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வார்த்தை மட்டும் பதில் வந்தது. அதற்கு மேல் எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

ஸஹ்லாவிடம் சொன்னேன். கம்பி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அப்படியென்றால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தன் பகுதிநேர வேலைக்குப் போனாள்.

8

ஆகவே இதை மாத்தளையில் வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். யாருக்காவது தேவைப்பட்டால் இந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போகலாம். இதில் அழகான வரி ஒன்றும் இல்லை.

பாதை ஏ9 வீதியில் மதகுக்கு இந்தப் பக்கம் தொடங்குகிறது. எங்கள் கேற்றைத் தொட்டுக்கொண்டு ஏறும். இடது கைப்பக்கம் கிணறு. குசினி யன்னலைக் கடந்ததும் கல்படிகள், மொத்தம் பதினேழு, கீழிருந்து ஆறாவது உடைந்திருக்கும். மேல்படியில் ஒரு பலாமரம். அதைத் தாண்டினால் தண்ணீர் பிடிக்கும் லயத்துப் பீலி. பழைய பதிப்பில் இது புள்ளிக்கோடாக இருக்கிறது. எங்கள் வாப்பா இந்தக் காணியை வாங்குவதற்கு முன்பே அந்தத் தாள் அச்சாகிவிட்டது. நான் இதில் நடந்திருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் இதில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் எங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை.

கம்பி அடித்த இரண்டாம் நாள் பின்னேரம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும், அதைச் சத்தியக் கடதாசியில் எழுத இடம் இருக்கவில்லை. கடைசி வரிசைக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். வாப்பா ஆணி எடுக்கக் கீழே போயிருந்தார். டவுன் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய ஒரு பிள்ளை, என் வயதுதான், எங்கள் முற்றம் வரைக்கும் ஏறிவந்து கம்பிக்கு முன்னால் நின்றாள். தலையில் தேங்காயெண்ணெய், கையில் புத்தகங்கள், கால்களில் செருப்பில்லை. வானம் மூடிக்கொண்டு வந்தது. மேலே அவள் வீட்டு வாசல் தெரிந்தது. அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் எப்புடி வீட்டுக்குப் போறது?" என்று கேட்டாள் மாரியாயி.

கம்பியின் நுனி என் கையில்தான் இருந்தது. இன்னும் கட்டியிருக்கவில்லை. தளர்த்தியிருந்தால் ஒரு பிள்ளை குனிந்து போயிருக்கலாம்.

"சுத்திப் போ," என்றேன்.

அவள் இன்றைக்கும் சுற்றித்தான் போகிறாள்.